மூன்றாம் நாள் பால்

கன்று ஈனுவதற்குச் சில நாட்கள் இருக்கும்போதே சினைப் பசுவின் மடி பருத்து, காம்புகள் விம்மி, ‘மாடு மடி விட்டுவிட்டது’ என்று பார்த்தவர்கள் சொல்லும் நிலைக்கு வந்துவிடுகிறது. பிறந்த கன்று தட்டுத்தடுமாறி எழுந்து முட்டும்போது அதற்கு வேண்டிய சீம்பால் மடியில் ஆயத்தமாக இருக்கிறது. மனிதத் தாயிடம் நிலைமை வேறு. பிரசவமான முதல் இரண்டு நாட்களில் கரண்டியால் அளக்கத்தக்க சீம்பால் மட்டுமே சுரக்க, மூன்றாம் நாளை ஒட்டித்தான் மார்பகம் கனத்துப் பால் பெருகத் தொடங்குகிறது. இந்த இடைவெளியைக் கண்டு தாய்க்குப் பாலே இல்லை என்று முடிவு கட்டி, பிறந்த குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீரையும் மாவுப்பாலையும் புகட்டிவிடுவது இன்றும் பல வீடுகளில் நடக்கிறது. இரண்டும் பாலூட்டி இனங்களே. இரண்டிலும் பால் சுரப்பி மாதக்கணக்கில் வளர்ந்து ஆயத்தமாகிறது. அப்படியிருக்க, ஒன்றில் பால் முந்திக்கொள்வதும் மற்றொன்றில் பிந்துவதும் ஏன் என்ற கேள்விக்கு விடை, அந்தச் சுரப்பியின் செல்களுக்குள் வளர்சிதை மாற்றம் எப்போது, எதனால் திசை மாறுகிறது என்பதில் இருக்கிறது. உணவிலிருந்து வரும் பொருள்களை உடைத்து ஆற்றல் பெறுவதும், அவற்றைக் கொண்டே புதிய பொருள்களைக் கட்டுவதுமாகிய வேதிவினைகள் அனைத்தையும் சேர்த்தே வளர்சிதை மாற்றம் என்று குறிப்பிடுகிறார்கள்.

பால் என்பது இரத்தத்தை வடிகட்டி எடுத்த நீர்மம் அன்று என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். பசுவின் இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 60 மில்லிகிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது; அதன் பாலிலோ அதே 100 மில்லிலிட்டரில் 4.8 கிராம் அளவுக்கு லாக்டோஸ் எனப்படும் பால்சர்க்கரை இருக்கிறது. பாலைத் தயிராக உறையவைக்கும் கேசின் புரதம் இரத்தத்தில் இல்லை. மறுபுறம், இரத்தத்தில் மிகுதியாக உள்ள சோடியம், முதிர்ந்த தாய்ப்பாலில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான் இருக்கிறது. ஆகவே சுரப்பி சிலவற்றைத் தேர்ந்து எடுக்கிறது, சிலவற்றைத் தடுக்கிறது, சிலவற்றைத் தானே உண்டாக்குகிறது.

இவற்றுள் எதை எடுக்கிறது, எதை உண்டாக்குகிறது என்பதைப் பிரித்தறிய அறிவியலாளர்களுக்கு நெடுங்காலம் ஆயிற்று. 1880-களில் பிரெஞ்சு உடலியலாளர் போல் பெர், மடி அகற்றப்பட்ட ஆடு குட்டி ஈன்றபின் அதன் சிறுநீரில் சர்க்கரை வருவதைக் கண்டு, பாலுக்கு வேண்டிய சர்க்கரை உடலின் வேறோர் இடத்தில் உருவாகிறது என்றும், அதைப் பெற்றுக்கொள்ளும் மடி இல்லாததால் அது சிறுநீரில் வழிகிறது என்றும் கருதினார். இது பாதி உண்மை. மூலப்பொருளான குளுக்கோஸ் மடிக்கு வெளியே உருவாவது உண்மை, ஆனால் அதைப் பால்சர்க்கரையாக்குவது மடியே. 1906-இல் காஃப்மன், மான்யே ஆகிய இருவரும் இன்னும் நேரடியான வழியில் சென்றார்கள். கறவைப் பசுவின் வயிற்றோரம் தடித்து ஓடும், மாடு வாங்குவோர் ‘பால் நரம்பு’ என்று தடவிப் பார்க்கும் அந்தச் சிரையில் மடியை விட்டு வெளியேறும் இரத்தம் ஓடுகிறது. அதில் உள்ள குளுக்கோஸ், கழுத்துச் சிரையின் இரத்தத்தில் உள்ளதைவிடக் குறைவாக இருப்பதை அவர்கள் அளந்து காட்டினார்கள். குறைந்த பங்கை மடி எடுத்துக்கொண்டது என்பதே அதன் பொருள்.

உள்ளே போகும் இரத்தத்துக்கும் வெளியே வரும் இரத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை அளக்கும் இந்த எளிய உத்திதான், பால் சுரப்பி பற்றி இன்று தெரிந்தவற்றில் பெரும்பகுதிக்கு அடிப்படை. அதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகே பாபிரகாம் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஜான் லின்செல். ஆட்டின் மடிப்பாதியை அதன் உடலிலிருந்து பிரித்து, அதே ஆட்டின் கழுத்துக்கு மாற்றி, கழுத்துத் தமனியோடும் சிரையோடும் இணைத்துத் தைத்தார். நரம்புத் தொடர்பு அனைத்தும் அறுந்த நிலையிலும் அந்த மடி பால் சுரந்தது. சுரப்பியின் வேலைக்குக் கட்டளை நரம்பின் வழியாக அல்ல, இரத்தத்தின் வழியாகவே வருகிறது என்பது இதனால் உறுதிப்பட்டது. அதோடு, ஆட்டை மயக்காமலும் துன்புறுத்தாமலும் கழுத்திலிருந்தே இரத்த மாதிரிகளை எடுத்து அளக்கவும் முடிந்தது. ஒரு லிட்டர் பால் உருவாக ஏறத்தாழ 500 லிட்டர் இரத்தம் மடி வழியே ஓட வேண்டியிருக்கிறது என்பதும், இரத்தத்தில் புதிதாகச் சேரும் குளுக்கோஸ் முழுவதிலும் 60 முதல் 85 விழுக்காடு வரை கறவை ஆட்டின் மடியே எடுத்துக்கொள்கிறது என்பதும் இத்தகைய ஆய்வுகளால் தெரியவந்தவை. மூளைக்கும் தசைக்கும் மற்றெல்லா உறுப்புகளுக்கும் சேர்த்து எஞ்சுவது அந்த மிச்சம் மட்டுமே.

இவ்வளவு பெரும்பங்கைக் கோரும் இந்த உறுப்பு, கருத்தரிப்பதற்கு முன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவும் அதனூடே ஓடும் சில நாளங்களுமாகவே இருக்கிறது. கருக்காலத்தில் அந்த நாளங்கள் கிளைத்துக் கிளைத்து, ஒவ்வொரு கிளையின் நுனியிலும் பால்நுண்ணறைகள் எனப்படும் உட்குழிந்த சிறு அறைகள் கொத்துக் கொத்தாகத் தோன்றுகின்றன. ஒவ்வொரு நுண்ணறையின் சுவரும் ஒரே ஓர் அடுக்குச் சுரப்புச் செல்களால் ஆனது. அந்தச் செல்களின் ஒரு பக்கம் இரத்தத்தையும் மறுபக்கம் பால் தேங்கும் குழியையும் நோக்கியிருக்கிறது. கருக்காலத்தின் முற்பகுதியில் இச்செல்கள் பெருகிக்கொண்டே இருப்பதால், அவை எடுக்கும் சர்க்கரையும் அமினோ அமிலமும் அவற்றின் வளர்ச்சிக்கே செலவாகின்றன. பிற்பகுதியில் பெருக்கம் தணிந்து, கேசினை உருவாக்கும் மரபணுக்கள் செயற்படத் தொடங்கி, செல்லுக்குள் கொழுப்புத் துளிகள் சேர்ந்து நிற்கின்றன. சிறிதளவு லாக்டோஸும் உருவாகிறது. கருவுற்ற பெண்களின் சிறுநீரில் கருக்காலத்தின் நடுப்பகுதியிலிருந்தே லாக்டோஸ் தென்படுவது இதற்குச் சான்று. உடலில் வேறெங்கும் உருவாகாத இச்சர்க்கரை சிறுநீரில் இருந்தால், அது சுரப்பியில் உருவாகி இரத்தத்தில் கசிந்திருக்க வேண்டும். ஆகவே பிரசவத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பே செல்லிடம் அனைத்து உபகரணங்களும் ஏறக்குறைய ஆயத்தம். இருந்தும் பால் பெருகுவதில்லை.

செல்லின் உள்ளே திசைமாற்றம் எப்போது நிகழ்கிறது என்பதை முதன்முதலில் தெளிவாகக் காட்டியவற்றுள் ஒன்று, 1940-களின் இறுதியில் இங்கிலாந்தில் ரெடிங் நகருக்கு அருகே ஷின்ஃபீல்டு பால்வள ஆய்வு நிலையத்தில் ஃபோலியும் ஃபிரெஞ்சும் செய்த ஆய்வு. எலியின் பால் சுரப்பியிலிருந்து மெல்லிய சீவல்களை எடுத்து, குளுக்கோஸ் கலந்த நீர்மத்தில் இட்டு, அவை உட்கொண்ட ஆக்சிஜனையும் வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடையும் அளந்தார்கள். வெளிவிட்டதை உட்கொண்டதால் வகுத்தால் கிடைப்பது சுவாச ஈவு. சர்க்கரையை முற்றிலும் எரித்தால் அந்த ஈவு சரியாக 1. கொழுப்பை எரித்தால் ஏறத்தாழ 0.7. சினை எலியின் சீவல்களில் ஈவு 1-க்குக் கீழே இருந்தது. பாலூட்டும் எலியின் சீவல்களிலோ 1-ஐத் தாண்டிச் சென்றது. எரித்தல் மட்டுமே நடந்தால் இந்த எண் 1-ஐத் தாண்ட வழியில்லை. சர்க்கரையில் ஆக்சிஜன் மிகுதி, கொழுப்பில் அது மிகக் குறைவு; ஆகவே சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றும் செல்லுக்கு வெளியிலிருந்து வரும் ஆக்சிஜனின் தேவை குறைந்து, வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு மட்டும் மிகுகிறது. அதாவது, எரிப்பதை முதன்மையாகக் கொண்டிருந்த திசு, பிரசவத்தை ஒட்டிக் கட்டுவதை முதன்மையாகக் கொண்ட திசுவாக மாறிவிட்டது. வளர்சிதை மாற்றத்தின் ஒரு பெரும் திருப்பத்தை இவ்வளவு எளிய இரண்டு அளவுகளால் பிடித்துக் காட்டிய ஆய்வுகள் உயிர்வேதியியலில் அதிகம் இல்லை.

ஆனால் பாலின் அளவைத் தீர்மானிப்பது கொழுப்பன்று, லாக்டோஸ். குளுக்கோஸ் மூலக்கூறு ஒன்றும், குளுக்கோஸிலிருந்தே உருமாறிய கேலக்டோஸ் ஒன்றும் இணைந்தால் லாக்டோஸ். இந்த இணைப்பு, செல்லுக்குள் புரதங்களைப் பக்குவப்படுத்தி அனுப்பும் கோல்கை உறுப்பு என்னும் சவ்வுப் பைகளுக்குள் நிகழ்கிறது. குளுக்கோஸ் அந்தச் சவ்வைக் கடந்து உள்ளே வரும்; இணைந்து லாக்டோஸான பின் வெளியேற முடியாது. ஊறுகாய்க்கு நறுக்கிய மாங்காயில் உப்பைப் பிசறி வைத்தால் துண்டுகளுக்குள் இருந்த நீர் வெளியே வந்து தேங்குகிறதல்லவா, அவ்வாறே லாக்டோஸ் சேரச் சேரச் செல்லில் உள்ள நீர் அந்தப் பைகளுக்குள் இழுக்கப்பட்டு அவை உப்புகின்றன. பின்னர் அவை செல்லின் விளிம்புக்கு நகர்ந்து, கேசினையும் லாக்டோஸையும் நீரையும் ஒருசேர நுண்ணறையின் குழிக்குள் கொட்டுகின்றன. கரைபொருள் மிகுந்த பக்கத்துக்கு நீர் சவ்வைக் கடந்து செல்வதே சவ்வூடு பரவல். எவ்வளவு லாக்டோஸோ அவ்வளவு நீர். எவ்வளவு நீரோ அவ்வளவு பால். குளுக்கோஸாகவே சேர்த்து வைத்திருந்தால் என்ன என்று கேட்கலாம். நீரை இழுக்கும் ஆற்றல் மூலக்கூறுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது, எடையைப் பொறுத்ததன்று. இரண்டு சர்க்கரைகளை ஒரே மூலக்கூறாகப் பிணைத்துவிடுவதால், அதே அளவு நீரோடு ஏறத்தாழ இரு மடங்கு சர்க்கரையைக் குட்டிக்கு அனுப்ப முடிகிறது.

லாக்டோஸை உருவாக்கும் நொதி எது என்ற தேடல் ஒரு வியப்பில் போய் முடிந்தது. நொதி என்பது ஒரு வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம். 1960-களின் நடுவில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் எப்னரும் பிராட்பெக்கும் அந்த நொதியைத் தூய்மைப்படுத்த முயன்றபோது, அது இரண்டு புரதங்களாகப் பிரிந்துபோயிற்று. தனித்தனியே இரண்டுமே லாக்டோஸை உருவாக்கவில்லை, சேர்த்தபோது உருவாக்கின. அவற்றுள் ஒன்று, உடலின் பல செல்களிலும் புரதங்களின் மேல் கேலக்டோஸை ஒட்டவைக்கும் பொதுவான நொதி. தனித்திருக்கும்போது அது குளுக்கோஸை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. மற்றொன்று, பாலில் உள்ளதாக ஏற்கெனவே அறியப்பட்டிருந்த ஆல்ஃபா-லாக்டால்புமின் என்னும் சிறு புரதம். இது முதல் நொதியோடு சேர்ந்து நிற்கும்போது, குளுக்கோஸைப் பற்றும் திறன் அந்நொதிக்கு ஏறத்தாழ ஆயிரம் மடங்கு கூடிவிடுகிறது. கண்ணீரிலும் முட்டை வெள்ளைக்கருவிலும் இருந்து நுண்ணுயிர்களின் சுவரை உடைக்கும் லைசோசைம் என்னும் தற்காப்புப் புரதத்தின் பரிணாம உறவே இந்த ஆல்ஃபா-லாக்டால்புமின் என்பது, இரண்டின் அமினோ அமில வரிசைகளை ஒப்பிட்டபோது தெரிந்தது. இதன் இன்றியமையாமையை 1994-இல் பிரான்சில் வெளியான ஒரு சோதனை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது: இதன் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளின் பால், லாக்டோஸ் அறவே இல்லாமல், கொழுப்பும் புரதமும் செறிந்து, குட்டிகளால் உறிஞ்ச முடியாத பிசுபிசுப்போடு இருந்தது.

இனி, முதற்கேள்விக்கு விடை நெருங்கிவிட்டது. சினைச் சுண்டெலியின் சுரப்பியில் பொதுநொதி கருக்காலத்தின் நடுவிலேயே உயர்ந்துவிடுகிறது. ஆல்ஃபா-லாக்டால்புமின் மட்டும் பிரசவத்தை ஒட்டியே உயர்கிறது. 1969-இல் டர்க்கிங்டனும் ஹில்லும், சுரப்பித் திசுவைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்து, புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் இருக்கும்வரை ஆல்ஃபா-லாக்டால்புமின் உருவாவது தடுக்கப்படுகிறது என்று காட்டினார்கள். அதே ஆண்டில் நிக்கலஸ் கூன், பிரசவத்தின்போது எலியின் பால் சுரப்பைத் தொடங்கிவைப்பது ஏதோவொரு ஹார்மோனின் வரவன்று, புரோஜெஸ்டிரோனின் விலகலே என்று நிறுவினார். சினை எலியின் கருப்பையை அப்படியே விட்டுவிட்டுச் சூலகங்களை மட்டும் அகற்றினால், பிரசவத்துக்கு முன்பே சுரப்பியில் லாக்டோஸ் சேரத் தொடங்குகிறது. கூடவே புரோஜெஸ்டிரோனைச் செலுத்தினால் சேர்வதில்லை. பாலுக்கு ஆணையிடும் புரோலாக்டின், இன்சுலின், அட்ரினல் சுரப்பியின் கார்ட்டிசால் ஆகியவை கருக்காலம் முழுவதும் இருந்துகொண்டேதான் இருக்கின்றன. கருவைக் காக்கும் ஹார்மோனே பாலைத் தடுத்தும் வைத்திருக்கிறது.

அந்த ஹார்மோன் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பசுவும் பெண்ணும் வேறுபடுகிறார்கள். பசுவிலும் ஆட்டிலும் புரோஜெஸ்டிரோனின் பெரும்பகுதி, சூலகத்தில் கருமுட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் மஞ்சள் உடலம் என்னும் திசுவிலிருந்து வருகிறது. ஈனுவதற்கு முன்பே அது சிதைந்து ஹார்மோன் சரிந்துவிடுவதால், கன்று வெளிவருமுன்பே மடியில் பால் கட்டத் தொடங்குகிறது. பெண்ணுக்கோ கருக்காலத்தின் முற்பகுதி கழிந்தபின் நஞ்சுக்கொடியே புரோஜெஸ்டிரோனைத் தருகிறது. குழந்தை பிறந்து, நஞ்சுக்கொடியும் வெளியேறிய பிறகுதான் அந்த ஊற்று அடைபடுகிறது. இரத்தத்தில் எஞ்சிய ஹார்மோன் வடிய நாட்கள் ஆகின்றன. மூன்றாம் நாள் பால் என்பது இந்த வடிதலின் கணக்கு. அது தாயின் உடல் வலுவையோ அவள் உண்ட உணவையோ காட்டும் குறியன்று. நஞ்சுக்கொடியின் துணுக்கு கருப்பையில் தங்கிவிட்ட பெண்களுக்குப் பால் இறங்காமல் இருந்து, துணுக்கு அகற்றப்பட்டபின் இறங்கியதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்; பேறுகாலத்துக்குப் பின் பால் வராதபோது இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவத்தில் இன்று நிலைபெற்ற அறிவு. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் நீரிழிவு உள்ள தாய்மாரிடம் இத்திருப்பம் ஏறத்தாழ ஒரு நாள் தள்ளிப்போகிறது. உடல் பருமன் மிகுந்தவர்களிடமும் தாமதம் காணப்படுகிறது. அதுவும் தாமதம்தான், இன்மையன்று. முதல் இரண்டு நாள் சீம்பால் அளவில் சிறிது என்றாலும், பிறந்த குழந்தையின் இரைப்பையும் சிறிது. நோய் எதிர்ப்புப் புரதங்கள் செறிந்த அந்தப் பாலை ஒதுக்கிச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவது, குழந்தை மார்பை உறிஞ்சும் வாய்ப்பையும் சேர்த்தே குறைத்துவிடுகிறது.

இந்த நாட்களில் இன்னொரு மாற்றமும் நடக்கிறது. கருக்காலத்தில் பால்நுண்ணறையின் செல்களுக்கு இடையே சந்துகள் இருக்கின்றன. அவற்றின் வழியே சோடியமும் குளோரைடும் பாலுக்குள் கசிய, லாக்டோஸ் இரத்தத்துக்குள் கசிகிறது. பிரசவத்தை அடுத்து, அண்டைச் செல்களை இறுகப் பிணைக்கும் இறுக்கப் பிணைப்புகள் அந்தச் சந்துகளை அடைத்துவிடுகின்றன. பாலில் சோடியம் விரைந்து சரிய, லாக்டோஸ் ஏற, இரண்டின் பின்னால் பாலின் அளவு கூடுகிறது. முதல் நாளில் 100 மில்லிலிட்டரைக்கூட எட்டாத பால், ஐந்தாம் நாள் வாக்கில் அரை லிட்டரைத் தொட்டு, பின்னர் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் நிலைகொள்கிறது. பாலில் உள்ள சோடியத்தை அளந்தே, தாயிடம் இத்திருப்பம் முறையாக நிகழ்ந்துவிட்டதா என்று ஆய்வாளர்களால் சொல்ல முடிகிறது. ஒருமுறை பால் நிலைபெற்றபின், சுரப்புச் செல்களில் புரோஜெஸ்டிரோனை உணரும் ஏற்பிகள் ஏறக்குறைய மறைந்துவிடுவதால், அந்த ஹார்மோனின் தடை பலிப்பதில்லை. கறவையில் இருக்கும்போதே பசு மீண்டும் சினைபிடித்து மாதக்கணக்கில் பால் தருவது அதனால்தான் முடிகிறது.

பால் பெருகியதும் சுரப்பியின் பசியை உடல் முழுவதும் உணர்கிறது. பசுவின் ஒரு லிட்டர் பாலுக்கு ஏறத்தாழ 72 கிராம் குளுக்கோஸ் வேண்டும். பத்து லிட்டர் கறக்கும் மாட்டின் மடிக்கு மட்டும் நாள்தோறும் 720 கிராம். ஆனால் வைக்கோலையும் புல்லையும் அசைபோடும் விலங்குக்குக் குடலிலிருந்து குளுக்கோஸ் ஏறக்குறைய கிடைப்பதே இல்லை. அதன் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் நார்ச்சத்தை நொதிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்னும் சிறு அமிலங்களாக்கித் தருகின்றன. அவற்றுள் புரோப்பியோனேட்டைக் கொண்டு கல்லீரல் குளுக்கோஸைக் கட்ட வேண்டியிருக்கிறது. இவ்வளவு அரிதான பொருளைக் கொழுப்பாக்கிச் செலவிட அசைபோடும் விலங்குகளின் மடி முற்படுவதில்லை. ஃபோலியும் ஃபிரெஞ்சும் சீவல்களைக் கொண்டே இதைக் கண்டார்கள்: எலியின் சுரப்பி குளுக்கோஸிலிருந்து கொழுப்பைக் கட்ட, ஆட்டின் சுரப்பி அசிட்டேட்டையே அதற்குப் பயன்படுத்தியது. 1951-இல் போப்யாக்கும் உடனாய்வாளர்களும் கதிரியக்கக் கார்பன் சேர்த்த அசிட்டேட்டைக் கறவை ஆட்டுக்குச் செலுத்தி, அந்தக் கார்பன் பால் கொழுப்பின் அமிலங்களுக்குள் வந்து சேர்வதைக் காட்டி இதை உயிருள்ள விலங்கிலேயே உறுதிப்படுத்தினார்கள். பால் கொழுப்பில் ஏறத்தாழ பாதி இப்படி மடியிலேயே கட்டப்படுவது. மறுபாதி, தீவனத்திலிருந்தும் உடற்கொழுப்பிலிருந்தும் இரத்தம் சுமந்துவருவது.

மடியில் கட்டப்படும் பாதிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. உடலின் மற்ற இடங்களில் கொழுப்பு அமிலச் சங்கிலி 16 கார்பன் நீளம் வரை கட்டப்படுகிறது. பால் சுரப்பியோ அதை இடையிலேயே முடித்து, குறுகிய, நடுத்தர நீளச் சங்கிலிகளை வெளியிடுகிறது. நெய்யின் மணத்துக்குப் பங்களிக்கும் நான்கு கார்பன் பியூட்டிரிக் அமிலமும், தேங்காய் எண்ணெயில் மிகுந்துள்ள பன்னிரண்டு கார்பன் லாரிக் அமிலமும் இவ்வகை. தாய்ப்பாலிலும் நடுத்தரச் சங்கிலிகள் உண்டு. கொழுப்புக் குறைந்து மாவுச்சத்து மிகுந்த உணவை உண்ணும் தாய்மாரின் பாலில் அவற்றின் பங்கு கூடுகிறது. இவை பச்சிளங்குழந்தையின் குடலில் எளிதில் செரிப்பவை.

இரத்தம் சுமந்துவரும் கொழுப்பைத் திசுவுக்குள் எடுத்துக்கொள்ள லிப்போபுரத லைப்பேஸ் என்னும் நொதி வேண்டும். பாலூட்டும் எலிகளில் பிரசவத்தை ஒட்டி இந்நொதி பால் சுரப்பியில் கூடுவதும், அதே நேரத்தில் உடற்கொழுப்புத் திசுவில் குறைவதும் 1970-இல் அளந்து காட்டப்பட்டது. உணவில் வரும் கொழுப்பு, அதுவரை சேமிப்புக்குச் சென்றது, இப்போது பாலுக்குச் செல்கிறது. இன்சுலினும் இதே வழியில் துணைபோகிறது. தசையும் கொழுப்புத் திசுவும் குளுக்கோஸை எடுக்க இன்சுலினின் தூண்டுதல் வேண்டும்; பசு, ஆடு போன்றவற்றின் மடிக்கு அது வேண்டியதில்லை. கறவையின் தொடக்கத்தில் இன்சுலின் குறைந்து, தசையும் கொழுப்பும் அதற்குச் செவிசாய்ப்பதும் குறையும்போது, குளுக்கோஸ் தானாகவே மடிப்பக்கம் மிஞ்சுகிறது. உடல் தன் நிலையை மாறாமல் காத்துக்கொள்வதை உடல்நிலைச் சமன் என்பார்கள். அமெரிக்காவில் டேல் பாமனும் புரூஸ் கர்ரியும் 1980-இல், கருக்காலமும் பாலூட்டலும் இந்தச் சமனுக்குள் அடங்குபவை அல்ல, ஓர் உடலியல் நோக்கத்துக்காகப் பல திசுக்களின் வளர்சிதை மாற்றத்தையும் ஒருங்கே திருப்பிவிடும் நெறிப்பாய்வு என்று தனியே பெயரிட வேண்டியவை என்றார்கள். இக்கருத்து மிகப் பொருத்தமானது. மற்ற உறுப்புகளுக்குத் தேவையானது போக மிஞ்சியதைப் பால் சுரப்பி வாங்கிக்கொள்ளவில்லை. சுரப்பிக்கு முதலிடம் தந்து, மற்ற உறுப்புகள் தம் பங்கைக் குறைத்துக்கொள்கின்றன.

அந்த முதலிடத்துக்கு விலையும் உண்டு. ஈன்ற முதல் வாரங்களில் மாட்டின் தீனி, பால் கூடும் வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. உடற்கொழுப்பு கரைந்து கல்லீரலுக்கு வருகிறது. அதை முற்றிலும் எரிக்க இயலாத கல்லீரல் கீட்டோன்களை இரத்தத்தில் விடுகிறது. நல்ல கறவை மாடு ஈன்ற சில வாரங்களில் தீனி கழித்து, மெலிந்து, பால் குறைந்து நிற்கும் கீட்டோசிஸ் நோய் இதுவே. கால்நடை மருத்துவர் குளுக்கோஸ் ஏற்றுவது இந்தக் காரணத்தால்தான். சுண்ணாம்புச் சத்திலும் இதே கதை: பத்து லிட்டர் சீம்பாலில் ஏறத்தாழ 23 கிராம் கால்சியம் வெளியேறுகிறது, மாட்டின் இரத்தநீர் முழுவதிலும் ஒரு நேரத்தில் இருப்பதோ 3 கிராம்தான். எலும்பும் குடலும் உடனே ஈடுசெய்யாவிட்டால், ஈன்ற மாடு எழ முடியாமல் படுத்துவிடும் பால் காய்ச்சல் வருகிறது. பெயரில் காய்ச்சல் இருந்தாலும் அப்போது அதன் உடல் பெரும்பாலும் குளிர்ந்தே இருக்கிறது.

பெண்ணின் நிலை இவ்வளவு கடுமையானதன்று என்றாலும் சிறியதன்று. தாய்ப்பாலில் லாக்டோஸ் 7 விழுக்காடு. நாளொன்றுக்கு முக்கால் லிட்டருக்கு மேல் சுரக்கும் தாய் 50 கிராமுக்கு மேற்பட்ட சர்க்கரையைப் பாலில் அனுப்புகிறாள். அவள் உண்ணாமல் இருக்கும் இரவிலும் இது நிற்பதில்லை. கன ஐசோடோப் கார்பனால் குறியிட்ட சர்க்கரையைத் தாய்மாருக்குக் கொடுத்து அது பாலில் எவ்வளவு வருகிறது என்று பின்தொடர்ந்தவர்கள், உண்ணாத நேரத்தில் பால்சர்க்கரையின் ஒரு பகுதி இரத்தக் குளுக்கோஸிலிருந்து வராமல், கிளிசரால் போன்ற சிறு மூலக்கூறுகளிலிருந்து மார்பகத்துக்குள்ளேயே கட்டப்படுவதைக் கண்டார்கள். முதல் ஆறு மாதங்களில் பாலூட்டும் தாய்க்கு நாள்தோறும் 600 கிலோகலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம். பத்தியம் என்ற பெயரில் பிள்ளை பெற்றவளின் சோற்றையும் தண்ணீரையும் குறைப்பவர்கள் இந்தக் கணக்கை அறிந்திருக்க வேண்டும். பால் உடனே நின்றுவிடாது. அவளுடைய உடலே அந்தக் குறையைத் தாங்கிக்கொள்ளும் என்பதுதான் அதிலுள்ள கொடுமை.

எல்லாப் பாலூட்டிகளும் ஒரே அளவுக்கு இப்படித் தாங்குவதில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் டெர்மட் வில்லியம்சனும் உடனாய்வாளர்களும், பாலூட்டும் எலியை ஒரு நாள் பட்டினி போட்டால் அதன் சுரப்பி குளுக்கோஸ் எடுப்பது பெருமளவு சரிந்துவிடுவதையும், மீண்டும் தீனி தந்த சில மணி நேரத்தில் பழைய நிலைக்கு ஏறிவிடுவதையும் கண்டார்கள். உடலின் எடையோடு ஒப்பிட எலியின் பால் மிக அதிகம். சேமிப்போ மிகக் குறைவு. அந்நிலையில் சுரப்பியும் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

குட்டி குடிப்பதை நிறுத்தியதும் எல்லாம் பின்னோக்கித் திரும்புகிறது. தேங்கிய பாலே சுரப்பை நிறுத்துகிறது என்பதும், அது அந்தந்தச் சுரப்பியளவிலேயே நிகழ்கிறது என்பதும், மடியின் ஒரு பாதியைக் கறந்து மறுபாதியைக் கறக்காமல் விட்டால் கறக்காத பாதி மட்டும் வற்றுவதிலிருந்து தெரிகிறது. ஒரே இரத்தம், ஒரே ஹார்மோன்கள் இரண்டு பாதிக்கும் சென்றுகொண்டிருக்கும்போதே இது நடக்கிறது. சுண்டெலியில் முதல் இரண்டு நாட்களுக்குள் குட்டிகளைத் திரும்ப விட்டால் சுரப்பி மீண்டுகொள்கிறது. அதன்பின் சுரப்புச் செல்கள் திட்டமிட்ட வரிசையில் மடிந்து, அவை இருந்த இடத்தைக் கொழுப்புச் செல்கள் நிரப்புகின்றன.

இந்த விதிக்குப் பணியாத ஓர் உயிரினம் ஆய்வாளர்களின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்திருக்கிறது. தென்னாப்பிரிக்கக் கரையோரம் வாழும் கேப் உரோமக் கடல்நாய், குட்டியைக் கரையில் விட்டுவிட்டு இரை தேடிக் கடலுக்குள் நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் சென்றுவிடுகிறது. அத்தனை நாளும் பால் எடுக்கப்படாமலேயே இருந்தும் அதன் சுரப்பி வற்றுவதில்லை. திரும்பி வந்ததும் குட்டிக்குப் பால் கொடுக்கிறது. அதன் பாலில் கொழுப்பு மிகுதி, நீர் குறைவு, லாக்டோஸோ ஏறக்குறைய இல்லை. அதன் சுரப்பியை ஆராய்ந்தபோது ஆல்ஃபா-லாக்டால்புமின் அதில் இல்லாதது தெரிந்தது. லாக்டோஸ் இல்லாததால் நீர் சேர்ந்து சுரப்பி புடைப்பதில்லை என்பது ஒரு விளக்கம். தேங்கிய பாலில் சுரப்புச் செல்களை மடியத் தூண்டுவதில் அந்தப் புரதத்துக்கே பங்கிருக்கலாம், அது இல்லாததால் செல்கள் பிழைத்திருக்கின்றன என்பது மற்றொன்று. இரண்டையும் பிரித்தறியும் ஆய்வுகள் ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் செல்களின் மேல் நடத்தப்பட்டு வருகின்றன.